மாஸ்க் கழற்றிய மாமன்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மாஸ்க் அபராதம் போட வந்த ஆபீசரை ஒரே வார்த்தையில் வாயடைக்க வைத்தவன் நான்.

பொய். அந்த ஒரே வார்த்தை "ஐயா". வாயடைத்ததும் எனக்குத்தான். அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்தார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, என் கால் கட்டை விரலை முதல்முறை பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூஞ்சியை மூடிக்கொள்வது எனக்குப் புதிது இல்லை. நான் கரும்பு வெட்டுகிறவன். பள்ளிக்கூடத்துக்கு மத்தியானச் சோறு போடும் நேரத்துக்கு மட்டும் போய், அந்தச் சோற்றோடு படிப்பையும் முடித்துக்கொண்டவன். கரும்புச் சோகை இலையின் பொடிமுள் சுணை இருக்கிறதே, அது மூக்கில் ஏறினால் ராத்திரி முழுக்கத் தும்மல். அதனால் வருஷக்கணக்காகத் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் வேலை. அப்போதெல்லாம் ஒரு ஆபீசரும் வயலுக்கு வந்து என்னைப் பாராட்டவில்லை. கொரோனா வந்ததும், துண்டு செல்லாது, மாஸ்க்தான் வேண்டும் என்றார் ஒருவர். அடுத்த வாரம் வந்தவர் துண்டும் செல்லும் என்றார். அதற்கடுத்த வாரம் வந்தவர் துண்டையும் மாஸ்க்கையும் சேர்த்துப் போட்டால் நல்லது என்றார்.

நான் மட்டும் பெரிய அறிவாளியா? ஒரு ஆளும் இல்லாத கரும்புக் காட்டுக்குள் மூஞ்சியை மூடிக்கொள்வேன். ஊரே கூடி நிற்கும் பஸ் ஸ்டாண்டில் பீடி பிடிக்க அவிழ்த்துவிடுவேன். அரசாங்கத்துக்கும் எனக்கும் அறிவு ஒரே அளவுதான். அவர்களுக்கு அதற்குச் சம்பளம் வருகிறது, எனக்கு வரவில்லை.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஒருமுறை வந்தேன். நிற்க இடம் இல்லை. என் முகத்துக்கு நேராக ஒருவருடைய அக்குள், என் முதுகில் ஒரு பலாப்பழம். இதைப் பற்றி ரூல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடிவாரத்துச் செக்போஸ்ட் கண்ணில் பட்டதும் கண்டக்டர் ஒரு குரல் கொடுத்தார். "எல்லாம் மாஸ்க்க ஏத்துங்க." பஸ் முழுக்க எல்லார் மாஸ்க்கும் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறின. போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பஸ் நகர்ந்தது. எல்லாம் இறங்கின. கொரோனா செக்போஸ்ட்டில் மட்டும் ஏறுகிற வியாதி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வியாதியை நான் கிண்டல் செய்யவில்லை. என் தங்கச்சியைக் கொடுத்திருப்பது சங்கராபுரத்துக்குப் பக்கத்தில். அவள் மாமனாரின் தம்பி அந்த வியாதியில்தான் போனார். பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார்கள். மூஞ்சியைப் பார்க்க விடவில்லை. அன்றிலிருந்து அந்த மாமனாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அரசாங்கம் போட்ட ரூலைவிட அவர் போட்ட ரூல் கடுமையானது. மூக்கை மூடாத யாரும் வாசல்படி தாண்டக் கூடாது. ஊர் ஊராகப் போய்க் கரும்பு வெட்டுகிற நான் அவர் கண்ணுக்கு இரண்டு கால் முளைத்த கொரோனா.

முதல் ஊரடங்கில்தான் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மச்சான் கேரளாவில் கட்டட வேலையில் மாட்டிக்கொண்டார். பார்க்கப் போகிறவன் நான் ஒருத்தன்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, ஜாதகம் சரியில்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். நான் ஜாதகத்தைக் கொண்டுபோகவே இல்லை. கூடப் பிறந்தவளும் இவள் ஒருத்திதான். ஆகவே உலகத்தில் என்னை மாமா என்று கூப்பிட உரிமை உள்ள ஒரே ஆள் அந்தக் குழந்தை.

அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாஸ்க்கோடுதான் போவேன். மகளிர் குழுவில் தைத்துப் பஞ்சாயத்தில் கொடுத்த மாஸ்க். மஞ்சள் துணியில் கறுப்புப் புள்ளி. யாரோ ரவிக்கை தைக்க வாங்கிய துணி மிஞ்சியிருக்க வேண்டும். எங்கள் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் அதே துணிதான், எல்லாருமே ஒரு வீட்டுச் சிறுத்தைக் குட்டிகள் மாதிரி திரிந்தோம். அதைப் போட்டுக்கொண்டு குழந்தை முன்னால் உட்காருவேன். மூச்சை இழுத்தால் துணி உள்ளே ஒட்டிக்கொள்ளும், ஊதினால் தவளைத் தொண்டை மாதிரி உப்பும். உள்ளே, வெளியே. நடுவில் நாக்கை மடித்து 'டொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. குழந்தை அதற்கே புரண்டு புரண்டு சிரிக்கும். பிறந்ததிலிருந்து என் மூக்கையோ வாயையோ அது பார்த்ததில்லை. இது நல்லதுதானே என்று தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் குழந்தைக்கு மொட்டை அடிப்பதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். மாமன் இல்லாவிட்டால் பங்காளி வகையில் யாராவது மாமன் முறைக்காரன் உட்காருவான். ஆனால் உயிரோடு இருக்கிற சொந்த மாமனை விட்டுவிட்டு இன்னொருத்தன் உட்கார்ந்தால், அந்த மாமன் அதோடு செல்லாக்காசு.

மொட்டைக்கு நான் செல்லாக்காசு ஆனேன். நாள் குறித்துவிட்டார்கள். நான் தியாகதுருகத்திலிருந்து கிளம்பி வந்தால் வழியில் மறித்துவிட்டார்கள். மாஸ்க் இருக்கிறதா? இருக்கிறது. இ-பாஸ் இருக்கிறதா? அது என்ன பாஸ் என்று கேட்டேன். போனில் வாங்க வேண்டுமாம். என் போனில் பட்டன்தான் உண்டு, அதிலும் ஐந்து வேலை செய்யாது. மருமகளுக்கு மொட்டை சார் என்றேன். உனக்கும் சேத்து அடிச்சி அனுப்பவா என்று கேட்டார் லத்தியை வைத்திருந்தவர். திரும்பி வந்தேன். நான் வரவில்லை என்றதும், எலவனாசூர்கோட்டையிலிருந்து முன்தினமே வந்து தங்கியிருந்த என் பெரியப்பா மகன் மடியில் குழந்தையை வைத்து மொட்டை அடித்துவிட்டார்கள். அவன் அதைப் போனில் படமாக வைத்துக்கொண்டு, யார் போன் செய்தாலும் எடுக்கும் முன்னால் ஒரு நிமிஷம் படத்தைப் பார்ப்பான்.

மிச்சம் இருந்தது காது. அதையும் விட்டால் நான் அந்தக் குழந்தைக்குக் கரும்பு வெட்டுகிற யாரோ ஒருத்தன்.

இரண்டாவது அலை ஓய்ந்து கோயில் திறந்ததும் காது குத்துக்கு நாள் வைத்தார்கள். அவர்கள் குலசாமி முனீஸ்வரன், கச்சிராயபாளையம் தாண்டி மலை அடிவாரத்தில் புளியமரத்துக்குக் கீழே கூரை இல்லாமல் நிற்கிறார். அவருக்கு மாஸ்க் ரூல் இல்லை, மீசையே மூஞ்சியைப் பாதி மறைத்துவிடும். இந்த முறை நான் முன்தினமே போய்விட்டேன். ராத்திரி தங்க மாமனார் விடமாட்டார் என்று கோயிலிலேயே படுத்துக்கொண்டேன். தட்டில் பட்டுப் பாவாடை, பழம், வளையல், ஒரு ஜோடித் தோடு எல்லாம் வைத்து, மாஸ்க்கைத் துவைத்துக் காயவைத்துப் போட்டுக்கொண்டு, புளியமரத்து வேரில் காலைச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாமன் மடி தயார்.

காலையில் வந்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று ரூல், அதனால் ஏழெட்டுப் பேர்தான். காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டுச் சூரியனைப் பார்த்தார். "சீக்கிரம் ஆவட்டும்பா. கொஞ்ச நேரத்துல எமகண்டம் வந்துரும்."

தங்கச்சி குழந்தையை என் மடியில் வைத்தாள். குழந்தை மாஸ்க்கைப் பார்த்துச் சிரித்தது. நான் ஒருமுறை உப்பிக் காட்டினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பெரியப்பா மகன் போனை நீட்டிக்கொண்டு எதிரில் வந்து குந்தினான். அவன் தன் மஞ்சள் மாஸ்க்கைப் பையில் சொருகிவிட்டு வெறும் மூஞ்சியோடு இருந்தான்.

"டேய், மூஞ்சிய மூடிக்கினு குந்திகினா போட்டோல இன்னாடா தெரியும்? நாளைக்குப் புள்ள வளந்து, இது யாரு மடின்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"என் மடின்னு சொல்லுவேன்."

"எவன் நம்புவான்? திருடன் மாதிரி இருக்குற. மொட்டை போட்டோல பாரு, நான் கடைசில ஒரு நிமிசம் கழட்டுனேன், எப்டி பளிச்சினு கீறேன்."

மாமனார் தள்ளி நின்றபடியே சொன்னார். "வேணாம்பா. போட்டுக்கினே இரு. போட்டோ யாருக்கு வேணும்."

"ஒரு நிமிசம் மாமா. குத்தி முடிச்சதும் மாட்டிக்கிறேன்" என்றேன்.

எந்தப் பெண் வீட்டாரும் பார்க்கச் சகிக்காத மூஞ்சி. அதைப் போட்டோவில் பதிய வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததே, அதற்கு என்ன சொல்வது. மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வெற்றிலைக் காவிப் பல்லைக் காட்டிக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தேன்.

குழந்தை என் மூஞ்சியைப் பார்த்தது. பிறகு என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தது. மாமன் எங்கே போனான் என்று தேடியிருக்க வேண்டும். திரும்ப என்னைப் பார்த்தது. பிறகு கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து போயின. நெஞ்சில் உதைத்து, வயிற்றில் உதைத்து, மடியிலிருந்து வழுக்கி, தாயிடம் ஓடியது. டொக் என்றேன். இந்தப் பேய் என் மாமன் மாதிரியே சத்தம் போடுகிறதே என்று இன்னும் ஜாஸ்தியாகக் கத்தியது.

"எங்கிட்டக் குடு தங்கச்சி" என்று பெரியப்பா மகன் கை நீட்டினான். அவனைப் பார்த்து அதற்குமேல் கத்தியது. அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இந்தச் சத்தத்துக்குள் ஒரு பைக் வந்து நின்றது. சுகாதார ஆபீசர். எந்தக் கோயிலில் கூட்டம், யார் மூக்கு வெளியே என்று பார்க்கிற வேலை. அவரும் அதே மஞ்சள் மாஸ்க்தான், தாடைக்குக் கீழே பனியன் காலர் மாதிரி கிடந்தது. இறங்கும்போதே கேட்டார்.

"மாஸ்க் எங்கய்யா?"

"சட்டப் பையில சார்."

"பையா மூச்சு வுடுது?"

"இல்ல சார், போட்டோவுக்கு ஒரு நிமிசம் கழட்டுனேன்."

"போட்டோ எடுக்குறப்ப கொரோனா ஒதுங்கி நிக்குமா? எல்லாருக்கும் ஃபைன்."

எனக்கு ஃபைன் சொல்லுகிறபோதுதான் தன் மாஸ்க் இறங்கியிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. மெதுவாக மூக்குக்கு ஏற்றிக்கொண்டார்.

குழந்தையின் அழுகை பட்டென்று நின்றது.

அது அவரைப் பார்த்தது. மஞ்சள், கறுப்புப் புள்ளி, மேலே இரண்டு கண். தாய் இடுப்பிலிருந்து இரண்டு கையையும் நீட்டி, "மாமா" என்றது. அதற்கு முன்னால் அந்த வார்த்தையை அது தெளிவாகச் சொன்னதில்லை. நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்து, 'ம்மா' வரைக்கும்தான் வந்திருந்தது. மிச்சத்தை ஆபீசருக்காக எடுத்து வைத்திருந்தது போல.

"ஏம்மா, புடிம்மா புள்ளய" என்றார் அவர். அதற்குள் குழந்தை அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தொங்கியது. தங்கச்சி இழுத்தால் கத்தும், விட்டால் சிரிக்கும்.

ஆசாரி ஊசியோடு எழுந்தார். "சார், அப்டியே கொஞ்சம் குந்துங்க. நேரம் போவுது."

"யோவ், நான் டூட்டில இருக்கேன்."

"நானும் டூட்டிதான் சார். குந்துங்க."

குந்தினார். நான் உட்கார்ந்து எழுந்த வேர்தான். ஃபைன் போட வந்த மனுஷன் மடியில் என் மருமகள், கையில் சீர்த்தட்டோடு மரத்தடியில் நான். பெண் குழந்தைக்கு இடது காதுதான் முதலில். ஆசாரி கை வைத்ததும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. குழந்தைக்கு முன்னால் ஆபீசர்தான் "ஆ" என்று கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை அழுதுகொண்டே அவர் சட்டையில் மூஞ்சியைப் புதைத்தது.

சிரிக்க வைக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பேர். தட்டைக் கீழே வைக்கலாமா, யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் பஸ் ஏறலாமா என்று நின்றேன்.

தங்கச்சிதான் பக்கத்தில் வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். "ண்ணா, இன்னாத்துக்கு மரம் மாதிரி நிக்கிற? மாஸ்க்கப் போடு. இன்னொரு காது இருக்குதுல்ல."

பையில் கைவிட்டு எடுத்தேன். பீடித் தூள் ஒட்டியிருந்தது. உதறிப் போட்டுக்கொண்டு ஆபீசர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குழந்தை தலையைத் தூக்கியது. இந்தப் பக்கம் ஒரு மஞ்சள், அந்தப் பக்கம் ஒரு மஞ்சள். அதற்கு அழுகையே மறந்துபோனது. ஆபீசரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. வாயில் விரலை வைத்துக்கொண்டு திரும்ப ஆபீசரைப் பார்த்தது. ஆசாரி வானத்தைப் பார்த்தார்.

நான் மூச்சை இழுத்தேன். துணி ஒட்டியது. ஊதினேன். தவளை உப்பியது. டொக்.

குழந்தை ஆபீசரைத் திரும்பிப் பார்த்தது, நீயும் செய் என்பதுபோல. அவர் பாவம், சும்மா இருந்தார். அந்த வித்தைக்கு அரசாங்கத்தில் பயிற்சி கிடையாது. நான் இன்னொரு முறை உப்பினேன். கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருக்க, குழந்தை சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் என் பக்கம் நீட்டியது. வலது காது என் மடியில்தான் குத்தினது. குத்தும்போது என் மாஸ்க்கைப் பல்லால் பிடித்துக் கடித்துக்கொண்டு அழுதது. அந்த எச்சில் துணியை நான் பிறகு துவைக்கவே இல்லை. சுகாதாரத் துறைக்கு இது தெரிய வேண்டாம்.

மாமனார் தீர்ப்பு சொன்னார். "சாமி முன்னாடி நடந்துருச்சு, மாத்த முடியாது. எடது காதுக்கு சாரு மாமன். வலது காதுக்கு நீ."

"மொட்டைக்கு நானு" என்றான் பெரியப்பா மகன்.

ஆட்டுக்கறியைக் கூறு போட்டதுபோல ஒரு குழந்தையைப் பங்கு வைத்தார்கள். தங்கச்சி ஆபீசருக்கு வெற்றிலை பாக்கு வைத்து, எனக்காக வாங்கிய துண்டைப் பாதியாகக் கிழிக்கவா முடியும், அவர் தோளில் போட்டாள். மாமன் துண்டைத் தோளில் வாங்கிக்கொண்டு எவன் ஃபைன் போடுவான்? எழுந்து பேண்ட்டில் மண்ணைத் தட்டிக்கொண்டு, கொஞ்சம் அதிகாரத்தைத் தேடிப் பிடித்து என்னிடம் சொன்னார்.

"இனிமே மாஸ்க்க கழட்டாத."

"கழட்டுனா புள்ள உங்ககிட்ட வந்துருதே சார். எப்டிக் கழட்டுவேன்."

போட்டோவைச் சொல்ல மறந்தேன். பெரியப்பா மகன் அத்தனையும் எடுத்திருந்தான். பார்த்தால், இரண்டு மஞ்சள் மாஸ்க், நடுவில் அழுகிற குழந்தை. எது மாமன், எது ஆபீசர் என்று எடுத்தவனுக்கே தெரியவில்லை. நான் மாஸ்க் இல்லாமல் பளிச்சென்று விழுந்த படம் ஒன்றே ஒன்று. அதில் குழந்தை இல்லை. தட்டை வைத்துக்கொண்டு நான் மட்டும் நிற்கிறேன்.

பிறகு ஒருநாள், இனி மாஸ்க் கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். யாருக்குத் தோன்றியதோ, ஏன் தோன்றியதோ. ஊரெல்லாம் கழற்றி எறிந்தது. மாமனார்கூடக் கழற்றிவிட்டார். ரூல் இருந்தபோது போடாத ஒருத்தன் மட்டும் சங்கராபுரம் பஸ்ஸில் மாஸ்க்கோடு போய்க்கொண்டிருந்தான். "இன்னாபா, இன்னும் உனக்கு சேதி வரலியா?" என்று கண்டக்டர் கேட்பார். எனக்கு வந்தது, என் மருமகளுக்கு இன்னும் வரவில்லை என்று எப்படிச் சொல்வது. ஒவ்வொரு முறை போகும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவேன். முதலில் மூக்கு. அழவில்லை என்றால் அடுத்த முறை மீசை. வாய்க்கு வரும்போது ஒரு தீபாவளி தாண்டிவிட்டது. அரசாங்கம் ஒரே நாளில் கழற்றச் சொன்னதை நான் ஒரு வருஷம் கழற்றினேன்.

அதற்கப்புறம் சங்கராபுரம் சந்தையில் ஒருநாள், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார். வெறும் மூஞ்சியில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் பேசினார். "யோவ், வலது காது. சௌக்கியமா?" அப்புறம்தான் கண்ணைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். எடது காது எப்படி இருக்கிறது, பாவாடை எந்த அளவில் எடுக்க வேண்டும் என்று விசாரித்தார். அவர் பொண்டாட்டியும் கூட இருந்தார். 'இவருதான் உங்க பங்காளி மாமனா' என்று அந்த அம்மா கேட்க, நான் வாயைத் திறப்பதற்குள் ஆபீசர் ஒரு வேலை செய்தார் பாருங்கள், கத்தரிக்காயைக் கூடையில் போட்டுவிட்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு...

"மாமா."

மருமகள் லீவுக்கு வந்திருக்கிறாள். கிணற்றடியில் நின்று கத்துகிறாள்.

"இன்னா கண்ணு?"

"உன் காது வலிக்குது. தோடு மாட்டிக்கிச்சு. வந்து பாரு."

"எடதா, வலதா?"

"உன்னுதுன்னு சொல்றேன்ல. வா மாமா."

வலதுதான். போய்ப் பார்க்கிறேன்.